லிஸ்பனில் மூன்று நாள், ஐந்து சாப்பாடு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் இறங்கி, திங்கட்கிழமை காலை விமானம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை உணவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது காபியும் பலகாரமும்தான். மிச்சத்தை எண்ணிப் பாருங்கள்: வெள்ளி இரவு, சனி மதியம், சனி இரவு, ஞாயிறு மதியம், ஞாயிறு இரவு. ஐந்தே சாப்பாடு. ஆனால் போனில் நீங்கள் குறித்து வைத்திருக்கும் பட்டியலில் நாற்பது உணவகம் இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் தடவை போனபோது அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறி மலை இறங்கி (லிஸ்பன் முழுக்கவே மேடும் பள்ளமும்தான், மேப்பில் பத்து நிமிஷம் என்று காட்டுவது காலுக்கு அரை மணி நேரம்) ஓடினேன். இன்று யோசித்தால் அந்தப் பட்டியலில் இருந்த எதுவும் சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது மழைக்கு ஒதுங்கிய ஒரு சின்னக் கடையில், மேசைமேல் விரித்த காகிதத்தில் எண்ணெய்க் கறை படியப் படியச் சாப்பிட்ட கொண்டைக்கடலையும் கருவாடும்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். ஒரு இரவுக்கு மட்டும் முன்பதிவு. ஒரு வேளை பேர்போன ஒரு இடத்தில் வரிசையில் நிற்பது. மிச்ச வேளைகளுக்கு உணவகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, பேட்டையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன், அந்த நேரத்துக்கு கால் எங்கே நிற்குமோ அங்கே. அப்புறம் முக்கியமானது, மதியச் சாப்பாட்டுக்குத்தான் முழு மரியாதை. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் மதியம் ஒரு சாண்ட்விச்சைக் கடித்துவிட்டு ராத்திரிக்குப் பெரிய திட்டம் போடுகிறார்கள். லிஸ்பனில் அது தலைகீழ்.

ஏன் என்றால், அந்த ஊரின் நிஜமான சமையல் தாஷ்காக்களில் இருக்கிறது. தாஷ்கா என்றால் நம்ம ஊர் மெஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: குடும்பமே நடத்தும், பத்துப் பன்னிரண்டு மேசை, சுவரில் டைல்ஸ், மூலையில் டிவி, அதில் கால்பந்து. மதியம் பன்னிரண்டரைக்குப் பக்கத்து ஆபீஸ்காரர்களும் கட்டட வேலை செய்பவர்களும் வந்து உட்காருவார்கள், அவர்களுக்காக அன்றைக்குச் சமைத்ததுதான் ‘ப்ராத்து து தீயா’, அதாவது அன்றைய தட்டு. மூன்று நான்கு வகைதான் இருக்கும், பெரும்பாலும் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். 10 முதல் 15 யூரோவுக்குள் வயிறு நிறைந்துவிடும். அதே கடை ராத்திரி மூடியிருக்கலாம், இல்லை திறந்திருந்தாலும் மதியத்தின் வேகமும் சூடும் இருக்காது. ஒன்றரை மணிக்குப் போனால் நல்ல ஐட்டம் தீர்ந்துபோயிருக்கும். பன்னிரண்டே முக்காலுக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

நல்ல தாஷ்காவை எப்படிக் கண்டுபிடிப்பது? ரேட்டிங்கை நம்பி அல்ல. ஆயிரக்கணக்கான பேர் 4.9 போட்டிருக்கும் இடம் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்த இடம், அவ்வளவுதான். நான் 4.3, 4.4 இருக்கிற இடங்களைத்தான் திறந்து பார்ப்பேன், அதிலும் போர்ச்சுகீசில் எழுதியிருக்கும் விமர்சனங்களை மட்டும் மொழிபெயர்த்துப் படிப்பேன். ‘சர்வர் சிரிக்கவில்லை’, ‘இடம் நெருக்கடி’, ‘சத்தம்’ என்று வெளியூர்க்காரர்கள் திட்டியிருக்க, உள்ளூர்க்காரர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு சாப்பாட்டின் பேரைச் சொல்லிப் பாராட்டியிருந்தால் அது நம்ம இடம். பேரைச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் விஷயம். ‘எல்லாமே அருமை’ என்கிற விமர்சனத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

தெருவில் நின்று பார்த்தும் சொல்லிவிடலாம். வாசலில் ஒருவர் மெனு கார்டோடு நின்று ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட்டால் நடையைக் கட்டுங்கள். மெனுவில் சாப்பாட்டின் போட்டோ, ஆறு மொழி, கூடவே பாயெல்லாவும் பீட்சாவும் இருந்தால் இன்னும் வேகமாக நடையைக் கட்டுங்கள் (பாயெல்லா ஸ்பெயின்காரர்களுடையது). பைஷா பகுதியில் ருவா அகுஸ்தா, அதற்குக் கொஞ்சம் மேலே போர்ட்டாஷ் தெ சாந்து அந்தாவ் தெரு, இந்த இரண்டு இடத்திலும் இந்தக் கூட்டம் அதிகம். வேடிக்கை பார்க்க நல்ல தெருக்கள்தான். விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது அங்கே விதி, அதனால் உள்ளே போகாமலே எல்லாவற்றையும் படித்துவிடலாம். கூச்சப்பட வேண்டாம், அந்த ஊர்க்காரர்களும் நின்று படித்துவிட்டுத்தான் நுழைகிறார்கள்.

பேட்டை என்று சொன்னேன் இல்லையா, எனக்குப் பிடித்தது காம்பு தெ ஒரீக். எல்லாரும் ஏறித் தொங்கும் 28-ம் நம்பர் டிராம் கடைசியில் போய் நிற்கும் இடம் அது, ப்ரஸேரெஷ் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரில். டிராமில் வரும் கூட்டத்தில் பாதிப் பேர் இறங்கி ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்ப வேண்டாம். தெருக்கள் சமதளமாக, நேர்நேராக இருக்கும் அபூர்வமான பகுதி, நடுவில் ஒரு சந்தை, சுற்றிலும் அங்கேயே குடியிருப்பவர்கள் சாப்பிடும் கடைகள். சனிக்கிழமை மதியத்துக்கு இது பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை நிறைய தாஷ்காக்கள் மூடியிருக்கும், திங்களும் சில மூடும், ஆகஸ்டில் குடும்பமாக விடுமுறைக்குப் போய்விட்டோம் என்று பேப்பர் ஒட்டிவிட்டு வாரக்கணக்கில் பூட்டிவிடுவார்கள். போவதற்கு முன் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஞாயிறு மதியத்துக்கு என் யோசனை ஆற்றைத் தாண்டுவது. காய்ஷ் து சொத்ரே படகுத்துறையிலிருந்து கசில்யாஷுக்குப் பத்து நிமிஷப் படகு. இறங்கியதும் காந்திது தோஷ் ரெய்ஷ் என்ற தெரு, வண்டி போகாது, இரண்டு பக்கமும் மீன் சாப்பாட்டுக் கடைகள். குடும்பம் குடும்பமாக வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். திரும்பி வரும்போது படகிலிருந்து லிஸ்பன் முழுசும் தெரியும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. இப்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயம், நீங்கள் எதுவும் கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, வெண்ணெய், ஆலிவ், சில இடங்களில் சீஸ். இதற்கு ‘கூவேர்’ என்று பேர். இலவசம் இல்லை. நாம் கல்யாணப் பந்தியில் இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், வந்ததைத் தின்றுவிட்டு பில்லைப் பார்த்து முழிப்போம். வேண்டாம் என்றால் வைக்கும்போதே ‘நாவ், ஒப்ரிகாது’ என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்காததையும் தொடாததையும் பில்லில் போடக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆனால் நல்ல கடையில் ஆலிவை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இரண்டாவது, எடைக் கணக்கு. நண்டு, இறால், முழு மீன் எல்லாம் கிலோ விலையில்தான் மெனுவில் இருக்கும். ஒரு கடையில் (பேர் வேண்டாம்) சர்வர் தட்டில் அழகாக ஒரு மீனைக் கொண்டுவந்து காட்ட, நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன், பில் வந்தபோதுதான் அந்த மீன் ஒன்றே முக்கால் கிலோ என்று தெரிந்தது. நாங்கள் இரண்டே பேர். தப்பு அவர்களுடையது என்று முழுக்கச் சொல்ல முடியாது, விலை மெனுவில் எழுதித்தான் இருந்தது. அன்றிலிருந்து மீனைக் காட்டினால் தலையாட்டுவதில்லை, ‘எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு’ என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. உண்மையிலேயே ஏமாற்றுகிறார்கள் என்று பட்டால் புகார்ப் புத்தகம் கேளுங்கள், எல்லாக் கடையிலும் கட்டாயம் இருக்க வேண்டும், ‘லீவ்ரு தெ ரெக்லமசோய்ஷ்’ என்ற பேரைச் சொன்னதுமே பல பில்கள் திருந்திவிடும்.

மூன்றாவது, ‘மெய்யா தோஸ்’. காதில் தோசை மாதிரி விழும், அர்த்தம் அரை அளவு. முழு அளவு கேட்டால் இரண்டு பேர் சாப்பிடலாம். இரண்டு பேர் போனால் இரண்டு வெவ்வேறு அரை அளவு வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம், ஐந்து சாப்பாட்டில் பத்து ருசி பார்த்துவிடலாம்.

என்ன சாப்பிடுவது என்பதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஐரோப்பாவில் தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடும் நாடு போர்ச்சுகல். இத்தாலிக்குப் போய் மூன்றாம் நாள் சோற்றுக்கு ஏங்குவது போல இங்கே ஏங்க வேண்டாம். தக்காளிச் சோறு, பீன்ஸ் சோறு, வாத்துக்கறிச் சோறு, இதெல்லாம் போக ‘அரோஷ் தெ மரீஷ்கு’ என்று கடல் உணவுச் சோறு, குழைவாக, ரசம் விட்டது மாதிரி தளதளவென்று சட்டியிலேயே வரும். பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் தருவார்கள். கொத்தமல்லித் தழையை இவ்வளவு தாராளமாகப் போடும் வேறு ஐரோப்பியச் சமையலை நான் பார்க்கவில்லை. பூண்டும் கொத்தமல்லியும் போட்டு வதக்கிய மட்டி (அமேய்ஜ்வாஷ் அ புல்யாவ் பாத்து, ஒரு கவிஞரின் பேரால் அழைக்கப்படுகிறது) வந்ததும் வாசனையிலேயே புரியும்.

பக்கல்யாவ் பற்றி எல்லாரும் பெரிதாக எழுதுவார்கள். நமக்குச் சுருக்கமாகச் சொன்னால் அது கருவாடு. நார்வே பக்கத்துக் கடலில் பிடித்த காட் மீனை உப்புப் போட்டுக் காயவைத்தது, சமைப்பதற்கு முன் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுக்கிறார்கள். வருஷத்துக்கு 365 வகை என்று பெருமையாகச் சொல்வார்கள். முதல் தடவைக்கு ‘பக்கல்யாவ் அ ப்ராஷ்’ கேளுங்கள்: கருவாட்டை உதிர்த்து, வெங்காயம், மெல்லிசாகச் சீவி வறுத்த உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் சேர்த்து ஒரு கிளறு. நம்ம முட்டைப் பொடிமாஸுக்குத் தூரத்துச் சொந்தம். காரம் போதவில்லை என்றால், போதாது, பிரி பிரி எண்ணெய் கேளுங்கள். எந்தக் கடையிலும் இருக்கும்.

மத்தி மீன் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் ருசி, அப்போதுதான் கொழுப்பு ஏறியிருக்கும். டிசம்பரில் போய் ‘சுட்ட மத்தி’ கேட்டால் கிடைக்கும், பெரும்பாலும் ஐஸில் வைத்தது. ஜூன் 12 ராத்திரி அந்தோணியார் திருவிழா, அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் சந்துகள் முழுக்கப் புகை, வீட்டு வாசலில் அடுப்பு வைத்து மீன் சுட்டு ரொட்டிமேல் வைத்துத் தருவார்கள். அன்றைக்கு உணவகமே தேட வேண்டாம். மறுநாள் விடுமுறை, பாதிக் கடை பூட்டியிருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தாஷ்காவில் கஷ்டம். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் வரும். ‘செய்ன் கார்ன், நெய்ன் பெய்ஷ்’, இறைச்சியும் இல்லாமல் மீனும் இல்லாமல், என்று முழுசாகச் சொல்லுங்கள். கீரையும் உருளையும் போட்ட ‘கால்து வேர்த்’ சூப்பைச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் அது கொதித்த சாறுதான். கிடைத்தால் தவறவிடக் கூடாதது ‘பெய்ஷின்யுஷ் த ஓர்த்தா’. பேருக்கு அர்த்தம் தோட்டத்துக் குட்டி மீன்கள், உண்மையில் பச்சை பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்தது, பஜ்ஜியேதான். ஜப்பானின் டெம்புராவுக்கு இதுதான் மூதாதை என்று சொல்வார்கள். மாவில் முட்டை இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் ஆளுக்கு வேறு வேறு தேவை இருக்கும் குடும்பம் என்றால் காய்ஷ் து சொத்ரே எதிரில் உள்ள ரிபெய்ரா சந்தைக்குப் போய்விடலாம், 2014-இல் அதில் ஒரு பாதியை டைம் அவுட் மார்க்கெட் என்று மாற்றினார்கள், பெரிய சமையல்காரர்களின் சின்னக் கடைகள் வரிசையாக இருக்கும், அவரவர் பிடித்ததை வாங்கிக்கொண்டு நடுவில் நீள பெஞ்சில் உட்காரலாம். சண்டை வராது. பத்து வருஷம் கழித்து ஞாபகம் இருக்குமா என்றால், எனக்கு இல்லை.

வரிசையில் நிற்கும் அந்த ஒரு வேளைக்கு என் ஓட்டு ரமீருவுக்கு. இந்தெந்தெந்த் மெட்ரோ பக்கத்தில், அல்மிராந்த் ரெய்ஷ் சாலையில், 1956-இலிருந்து இருக்கும் கடல் உணவுக் கடை. திங்கட்கிழமை விடுமுறை. உலகத்துக்கே தெரிந்த இடம், சுற்றுலாக் கூட்டம் இருக்கிறது, விலையும் குறைவு இல்லை. அப்படியும் ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே ஒரு வேலையைத்தான் செய்கிறார்கள், அதைச் சரியாகச் செய்கிறார்கள்: பூண்டு இறால், நண்டு, உடைக்கச் சுத்தியல். கடைசியில் இனிப்புக்குப் பதிலாக ‘ப்ரேகு’, மாட்டிறைச்சி வைத்த பன், அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போய் நிற்காமல் மதியம் திறக்கும் நேரத்துக்கோ, சாயங்காலம் நாலு ஐந்து மணிக்கோ போனால் நிற்கும் நேரம் குறையும்.

முன்பதிவு செய்யும் அந்த ஒரு இரவு உங்கள் பர்ஸைப் பொறுத்தது. சமையல்காரர் ஜோசே அவிலேஸின் பெல்காந்து உணவகம் மாதிரி இரண்டு மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய இடம் என்றால் விமான டிக்கெட் எடுத்த அன்றே மேசையும் பிடிக்க வேண்டும். அவ்வளவு வேண்டாம் என்றால் அல்ஃபாமாவில் ஃபாது பாட்டு கேட்டுக்கொண்டே சாப்பிடும் வீடு ஒன்று. ஃபாது 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதற்குப் பிறகு அந்தச் சந்துகளில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சம் இல்லை. குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று தொகை வைத்திருப்பார்கள், போனிலேயே கேட்டுவிடுங்கள். சமையல் சுமாராக இருக்கும் என்பதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், பாட்டுக்குத்தான் காசு. விளக்கை அணைத்துப் பாட ஆரம்பித்தால் கரண்டிச் சத்தம்கூட வரக்கூடாது. எங்கள் மேசையில் ஒருவர் போன் பேச, பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசியவர் என் மைத்துனர். அந்த இரவை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

நடுவில் பெலேம் பகுதிக்குப் போவீர்கள், எல்லாரும் போகிறார்கள். ஜெரோனிமுஷ் மடத்துக் கோயிலுக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1837-இலிருந்து முட்டைக் கஸ்டர்ட் டார்ட் விற்கும் பஷ்தெய்ஷ் தெ பெலேம். வாசலில் நீள வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பார்சலுக்கு. உள்ளே நீல டைல்ஸ் ஒட்டிய அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கும், பின்னால் போய் உட்கார்ந்தால் சீக்கிரம் கிடைத்துவிடும். மேலே தூவிக்கொள்ள பட்டைப்பொடி தருவார்கள். போர்ச்சுகீசியர்கள் கடலைத் தாண்டி இலங்கைக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு உட்கார்ந்திருந்ததில் இந்தப் பட்டைக்குப் பெரிய பங்கு. இரண்டாக வாங்குங்கள், ஒன்று போதாது.

மொழி பற்றிக் கவலை வேண்டாம், மேசைமேல் பாதி நமக்குத் தெரிந்ததுதான். மேசையே ‘மேசா’, கோப்பை ‘கோப்பு’, யாழ்ப்பாணத்தில் பாண் என்பது இங்கே ‘பாவ்ங்’, குசினி ‘குசின்யா’. எல்லாம் அங்கிருந்து நம்மிடம் வந்த சொற்கள். டீக்கடை மாதிரியான காபிக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ‘ஷமூசா’ என்று ஒன்று இருக்கும், நம்ம சமோசாதான், கோவா வழியாகப் போனது, உள்ளே பெரும்பாலும் இறைச்சி. பில் வேண்டும் என்றால் ‘அ கோந்தா, புர் ஃபவோர்’. கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாலும் எழுப்ப மாட்டார்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும், நன்றாகக் கவனித்தார்கள் என்றால் ஐந்து, பத்து சதவீதம்.

ஞாயிறு ராத்திரி எதையும் திட்டமிடாதீர்கள். கால் வலிக்கும், வயிறு கனமாக இருக்கும், சூப்பும் ரொட்டியும் போதும் என்று தோன்றும், அதையே சாப்பிடுங்கள். அப்புறம் ரொசியு பக்கம் நடந்து சாந்து துமிங்குஷ் சதுக்கத்துக்குப் போனால் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு ஒரு இடம், 1840-இலிருந்து புளிப்பு செர்ரிப் பழ மது மட்டும் விற்கிறார்கள், ஜின்ஜின்யா. உட்கார இடம் கிடையாது, சின்னக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள், தெருவில் நின்று குடிக்க வேண்டியதுதான். ‘பழத்தோடா, பழம் இல்லாமலா?’ என்று கேட்பார்கள். பழத்தோடு என்று சொல்லுங்கள். கொட்டையை எங்கே துப்புவது என்று பக்கத்தில் நிற்கும் தாத்தாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.